டேஷ் கேமரா வாங்கப் போறீங்களா? நம்பர் பிளேட் தெரியுதான்னு பாருங்க!

கோடம்பாக்கம்:

சினிமா கேமராவுக்கு பேர் போனது கோடம்பாக்கம். ஆனால் கால் டாக்சி கண்ணாடியில் மாட்டும் குட்டி கேமராவுக்கு ஒரே வேலைதான். இடித்து விட்டு பறக்கும் வண்டியின் நம்பரை பிடிக்க வேண்டும்.

நம்பர் கிடைத்தால் அந்த வண்டியின் இன்சூரன்சில் நஷ்டஈடு கேட்டு வழக்கு போடலாம். கிடைக்காவிட்டால்? மத்திய அரசின் 2022-ம் ஆண்டு திட்டப்படி உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், படுகாயத்துக்கு ரூ.50 ஆயிரம். அவ்வளவுதான்!

கடையில் 720பி, 1080பி, 4கே என்று அடுக்குவார்கள். பயப்பட வேண்டாம். படத்தில் உள்ள புள்ளிகளின் கணக்குதான் அது. 720பி-யில் 9 லட்சம் புள்ளி, 1080பி-யில் 20 லட்சம், 4கே-யில் 83 லட்சம். புள்ளி கூடினால் தூரத்து நம்பரும் தெரியும். ஆனால் மெமரி கார்டு சீக்கிரம் நிரம்பிவிடும்.

ராத்திரியில் கதையே வேற. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்தையும் பிடிக்க கேமராவுக்கு கூடுதல் நேரம் வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் வண்டி, வினாடியில் 30-ல் ஒரு பங்கு நேரத்திலேயே 37 செ.மீ. நகர்ந்துவிடும். நம்பர் கலங்கிப் போகும். அப்போது மட்டமான 4கே-யை விட, நல்ல சென்சார் உள்ள 1080பி-யே மேல். வாங்கும் முன் ராத்திரி எடுத்த வீடியோவை காட்டச் சொல்லுங்க.

விபத்து நடந்தால் உடனே கேமராவை நிறுத்தி கார்டை கழற்றுங்க. இல்லாவிட்டால் பழைய காட்சி மேல் புதுசு பதிவாகிவிடும். வீடியோவை கோர்ட்டில் காட்ட, 2024 ஜூலை 1-ல் அமலான புதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும்.