மஞ்சள் போல்ட்டு ஸ்ட்ராங்கா?

“வெள்ளையா, மஞ்சளா சார்?” என்று கேட்டார் ஹார்டுவேர் கடைக்காரர். 8 எம்.எம். போல்ட்டு இரண்டு வேண்டும் என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். என்ன வித்தியாசம் என்றேன். “மஞ்சள் ஸ்ட்ராங்கு சார். கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க.” அப்படியே வாங்கிவிட்டேன். அதுதான் தப்பு.

என் பைக்கில் முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அவை. பழையது துருப்பிடித்துத் தலை மழுங்கியிருந்தது. கையோடு கொண்டுபோய் நீளம், மரை எல்லாம் பொருத்திப் பார்த்துத்தான் புதுசு வாங்கினேன். வீட்டுக்கு வந்து டார்க் ரெஞ்சை 30 நியூட்டன் மீட்டருக்கு வைத்தேன். சர்வீஸ் மேனுவலில் இருந்த அளவு அது. முறுக்கினால் ‘டக்’ சத்தம் வரவேண்டும். வரவில்லை. போல்ட்டு வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தால், தலைக்குக் கீழே மரை இழுபட்டு நடுவில் மெலிந்திருந்தது.

ரெஞ்சு இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கியிருந்தால் “நல்லா டைட்டா இருக்கு” என்று நினைத்து, மறுநாள் பையனைப் பின்னால் உட்காரவைத்து பள்ளிக்கூடம் கிளம்பியிருப்பேன். அந்த நினைப்பில்தான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் நிறம். வெள்ளை, மஞ்சள் இரண்டுமே துத்தநாகப் பூச்சுதான், அதாவது ஜிங்க் பிளேட்டிங். சில மைக்ரான் தடிமன்தான் இருக்கும். இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து, துருவைத் தள்ளிப்போடுகிறது. அதன்மேல் குரோமியம் சேர்ந்த ஒரு கரைசலில் முக்கி எடுப்பார்கள். மஞ்சளோ நீலங்கலந்த வெள்ளையோ வருவது அந்தக் கடைசி முக்கலில்தான். உள்ளே இருக்கிற இரும்பின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் ஏன் “மஞ்சள் ஸ்ட்ராங்கு”? அமெரிக்கக் கடைகளில் உறுதி கூடிய கிரேடு 8 போல்ட்டுகள் பெரும்பாலும் மஞ்சள் பூச்சோடு வரும். அந்தப் பழக்கத்திலிருந்து கிளம்பிய நம்பிக்கையாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பலம் எழுதியிருப்பது போல்ட்டின் தலையில். ஐஎஸ்ஓ 898-1 என்ற உலகத் தரமும் நம் ஊர் ஐஎஸ் 1367-ம் ஒரே முறையைத்தான் பின்பற்றுகின்றன. அறுகோணத் தலை மேல் 4.6, 4.8, 8.8, 10.9, 12.9 என்று ஏதாவது ஒன்று புடைப்பாக இருக்கும். பார்க்கத் தசம எண் மாதிரி இருந்தாலும் அவை இரண்டு தனித்தனி எண்கள்.

முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுத்தால் அறும் என்று தெரியும். 8.8 என்றால் 800. இரண்டாவது எண், அறுவதற்கு முன்னால் எந்தக் கட்டத்தில் அது நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்று சொல்கிறது. 8 என்றால் 80 சதவீதம், அதாவது 640. அதே கணக்கில் 4.6 போல்ட்டு 240-லேயே நீளத் தொடங்கி, 400-ல் அறும். 10.9 என்றால் 900, 1000.

இதை என் 8 எம்.எம். போல்ட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் மரைப் பகுதியின் கணக்குப் பரப்பு 36.6 சதுர மில்லிமீட்டர். 30 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் போல்ட்டில் சுமார் 18,750 நியூட்டன் இழுவிசை வரும். இது உராய்வைப் பொறுத்துக் கூடும், குறையும். தோராயமாக 1,900 கிலோ எடை தொங்குவது போல. 8.8 போல்ட்டு ஒன்று நிரந்தரமாக நீளாமல் சுமார் 21,200 நியூட்டன் தாங்கவேண்டும் என்பது விதி. ஆக, மேனுவல்காரர்கள் 8.8-ஐ மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். 4.6 போல்ட்டோ 14,600-லேயே அறுந்துவிடும். என் மஞ்சள் போல்ட்டின் தலையை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

“இவ்வளவு இறுக்கம் எதுக்கு? கொஞ்சம் கம்மியா முறுக்கினா போதாதா?” என்று கேட்கலாம். நானும் கேட்டேன். போல்ட்டு என்பது உண்மையில் ஒரு கெட்டியான ஸ்பிரிங். முறுக்கும்போது அது மயிரிழை அளவு நீண்டு, இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. பிரேக் போடும்போது காலிப்பரை நகரவிடாமல் தடுப்பது பெரும்பாலும் அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான். அழுத்தம் குறைந்தால் பாகங்கள் நூலளவு நகரும். ஒவ்வொரு பிரேக்குக்கும் போல்ட்டு வளைந்து நிமிரும். ஒன்று, நட்டோ போல்ட்டோ தானாகக் கழலும். இல்லை, களைத்துப்போய் ஒருநாள் ஒடியும். அதிரும் இடத்தில் தரம் உயர்ந்த போல்ட்டு தேவைப்படுவது இந்தப் பிடிக்காகத்தான்.

அப்படியானால் 12.9 போட்டுவிட்டால் நிம்மதியா? அங்கேதான் துத்தநாகம் வேறு முகம் காட்டுகிறது. பூச்சுக்கு முன்பு அமிலத்தில் கழுவும்போதும், மின்சாரம் செலுத்திப் பூசும்போதும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். 4.6, 8.8 போன்ற மென்மையான எஃகுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. கடினம் ஏற ஏற, அந்த ஹைட்ரஜன் எஃகை நொறுங்கக்கூடியதாக ஆக்கிவிடும். முறுக்கும்போது நன்றாக இருக்கும். பல மணி நேரமோ சில நாட்களோ கழித்து எந்தச் சுமையும் கூடாமலே தலை தெறித்து விழும். அதனால் கடினமான போல்ட்டுகளைப் பூச்சு முடிந்ததும் 200 டிகிரி சொச்சத்தில் பல மணி நேரம் சூடேற்றி ஹைட்ரஜனை விரட்டுவார்கள். கடையில் 12.9 ஆலன் போல்ட்டுகள் பெரும்பாலும் கறுப்பாகவே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூசும்போது மட்டும்தான் ஹைட்ரஜன் வரும் என்றில்லை. சான் பிரான்சிஸ்கோ – ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், 2013 மார்ச்சில் 3 அங்குலத் தடிமனுள்ள 96 உயர் உறுதிக் கம்பிகளை இறுக்கினார்கள். அடுத்த சில நாட்களில் 32 கம்பிகள் ஒடிந்தன. துத்தநாகத்தில் முக்கியெடுத்த அந்தக் கம்பிகள் தண்ணீர் தேங்கும் குழிகளில் வருஷக்கணக்கில் நின்றிருந்தவை. காரணம் ஹைட்ரஜன் நொறுங்கல் என்று விசாரணையில் தெரிந்தது.

இப்போது நான் போல்ட்டு வாங்கும் விதம் இதுதான். அலமாரி, வேலி, சும்மா தாங்கி நிற்கும் ஸ்டாண்டு மாதிரி அசையாத இடங்களுக்கு 4.6 அல்லது 4.8 போதும். தேவைப்பட்டால் ஒரு சைஸ் பெரிதாகப் போடுவேன். வண்டி, மோட்டார், பம்பு என்று அதிரும் எதற்கும் 8.8, ஜிங்க் பூச்சோடு தைரியமாக வாங்கலாம். 10.9, 12.9 எல்லாம் கம்பெனிக்காரன் கேட்டிருந்தால் மட்டும், கேட்ட பூச்சோடு மட்டும். நட்டும் ஜோடி சேரவேண்டும்: 8.8 போல்ட்டுக்கு 8 என்று எழுதிய நட்டு, 10.9-க்கு 10. இல்லையென்றால் போல்ட்டு நிற்கும், நட்டின் மரை உரிந்துவிடும். அங்குல போல்ட்டில் எண் இருக்காது, கோடு இருக்கும்: மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8.

எண்ணுக்குப் பக்கத்தில் தயாரித்தவரின் முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். போலிக் குறிகள் போட்ட போல்ட்டுகள் பெருகியதால்தான் அமெரிக்காவில் 1990-ல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எழுதியவன் யாரென்று தெரியாத 8.8-க்கும் ஒன்றுமே எழுதாத போல்ட்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

மறுபடி அதே கடைக்குப் போனேன். “வெள்ளையா, மஞ்சளா சார்?” என்றார். “எதுவானாலும் சரிண்ணே, தலையில எட்டு புள்ளி எட்டு போட்டிருக்கணும்” என்றேன். உள்ளே போய் வேறொரு டப்பாவை எடுத்துவந்தார். “அப்ப எச்.டி. போல்ட்டுன்னு கேக்க வேண்டியதுதானே!”

பழைய டப்பாவைவிட ஒரு போல்ட்டுக்குச் சில ரூபாய்தான் அதிகம். வீட்டில் ரெஞ்சு ‘டக்’ என்றது.