பெயருக்கு ஒரு விலை, நிலத்துக்கு ஒரு விலை

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் மொழி. கொழும்பைப் போன்ற ஒரு மாநகரத்திலே வீடு கட்டுவதைவிட, அதற்கேற்ற இடத்தைத் தேடிக்கொள்வதே பெருந்தொல்லையாக இருக்கிறது. ஒரு குடும்பம் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணம், பெண்களின் நகை, கடல் கடந்து சென்ற மகன் அனுப்பிய காசு ஆகிய யாவும் ஒரே நாளில், ஒரே கையொப்பத்தில் கைமாறுகின்றன. இடந் தேர்வதிலே பிழை நேர்ந்தால், அதனைத் திருத்திக்கொள்ள மற்றுமொரு வாழ்நாள் நமக்கு இல்லை. ஆகவே, எல்லாரும் விரும்பும் இடங்களின் அயலிலே, நியாயமான விலைக்கு வீடோ காணியோ தேடும் வழி யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நமக்கு நன்கு தெரிந்த வெள்ளவத்தையையே எடுத்துக்கொள்வோம். காலி வீதியும் கடற்கரைப் புகையிரதப் பாதையும் அதனூடே செல்கின்றன. கொழும்புத் தமிழ்ச் சங்கமும், இராமகிருஷ்ண மிஷனும், சைவ மங்கையர் வித்தியாலயமும் அங்கே உள்ளன. தமிழிலே பேசிக் காய்கறி வாங்கலாம். நடந்து சென்று உறவினரைக் காணலாம். இவற்றோடு, கொழும்பு 6 என்னும் தபால் இலக்கமும் சேர்ந்துகொள்கிறது. இத்தனைக்கும் சேர்த்தே அங்கு ஒரு பேர்ச் நிலத்துக்கு விலை கூறப்படுகிறது. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடியும் காலும் ஆகும். 160 பேர்ச் கொண்டது ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்திலே பரப்புக் கணக்கில் பழகியவர்கள், 10 பேர்ச் ஒரு பரப்பு என்று நினைவிற் கொள்வாராக. அங்கே முற்றத்துக்கு விடும் நிலத்திலே இங்கே முழு வீடும் எழுந்துவிடுகிறது.

இவ்விலையிலே எது நமக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று பிரித்துப் பார்ப்பதே முதலாவது வேலை. ஒரு தாளிலே வரிசையாக எழுதிப் பாருங்கள். தொழிலுக்குப் போக வழி, பிள்ளைகளின் பாடசாலை, முதியோருக்கு வைத்தியசாலை, கோயில், சந்தை, உறவினர் அயல் என்று ஒவ்வொன்றாக எழுதி, அவற்றுள் எவை அன்றாடம் வேண்டியவை, எவை மாதத்துக்கு ஒருமுறை வேண்டியவை என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றாடம் வேண்டியவற்றை அருகில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. மாதத்துக்கு ஒருமுறை வேண்டியதை அருகில் வைத்துக்கொள்வதற்காக வாழ்நாள் முழுதும் கடன் கட்டுவது அறிவுடைமையாகாது.

இரண்டாவது வேலை, பாதையைப் பின்பற்றிச் செல்வது. கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதம் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஆகியவற்றைக் கடந்து, தெகிவளை, கல்கிசை, இரத்மலானை, அங்குலானை, லுனாவை, மொறட்டுவை என்று நீள்கிறது. அதே பாதை, அதே வண்டி, அதே கடற்காற்று. மாறுவது பெயர் ஒன்றே. மாநகர எல்லையைக் கடந்து இரண்டொரு நிலையம் தள்ளிச் செல்லச் செல்ல, பெயருக்கென்று கொடுக்கும் பங்கு குறைந்துகொண்டே போகிறது. கடற்கரையை விட்டு உள்ளே சென்றாலும் அவ்வாறே. வெள்ளவத்தையை அடுத்த களுபோவிலையிலே பெரியதோர் அரசினர் வைத்தியசாலை உண்டு. பாடசாலையை எண்ணி ஏங்குவோர், இரத்மலானையிலும் ஓர் இந்துக் கல்லூரி இருப்பதை மறத்தலாகாது. கிழக்கே களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை நுகேகொடை, மகரகமை வழியாகச் செல்கிறது. வடக்கே களனி கங்கையைத் தாண்டினால் வத்தளை. அங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன.

தூரம் சென்றால் பயணச் செலவு கூடுமே என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. அதற்கும் கணக்குப் பார்க்கலாம். இரண்டு இடங்களுக்கிடையே விலை வேறுபாடு 30 இலட்சம் ரூபாய் என்றும், அதனை ஆண்டுக்கு 10 வீத வட்டிக்குக் கடன்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். முதலாண்டு வட்டி மட்டும் 3 இலட்சம். மாதம் ஒன்றுக்கு 25,000 ரூபாய். மேலதிகப் பயணச் செலவு இதனிலும் குறைவாயின் தள்ளிப் போவது இலாபம். ஆனால், பணத்தோடு நேரத்தையும் எண்ணவேண்டும். போக 20 நிமிடமும் வர 20 நிமிடமும் கூடுதலாகச் செலவாயின், 250 வேலைநாட்களில் 166 மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. அஃதாவது, ஆண்டிலே ஏறக்குறைய ஒரு முழு வாரத்தை வண்டியிலே கழிக்கிறோம். இது குடும்பத்துக்கு ஏற்குமா என்பதைக் காலையிலே ஒரு வேலைநாளில் அவ்வழியே பயணஞ் செய்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் உண்மையைக் கூறாது.

இனி, மிக முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். மலிவிலே இரு வகை உண்டு. பெயர் இல்லாமையால் வந்த மலிவு ஒன்று. குறை இருப்பதால் வந்த மலிவு மற்றொன்று. முன்னது நமக்கு நன்மை. பின்னது, மிச்சம் பிடித்த பணத்தைப் பின்னர் வட்டியோடு பறித்துக்கொள்ளும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதிலேதான் நம் திறமை இருக்கிறது.

குறைகளுள் முதன்மையானது நீர். 2016 ஆம் ஆண்டு மே மாதத்திலே களனி கங்கை பெருகியபோது, கொலன்னாவை, கடுவலைப் பகுதிகளிலே வீடுகள் பல நீரில் மூழ்கின. வத்தளைப் பக்கத்திலும் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பகுதிகள் உண்டு. வயலையும் சதுப்பையும் மண்ணிட்டு நிரப்பிய காணி பார்வைக்கு மேட்டுநிலம் போலவே தோன்றும். ஆதலின், மழை பெய்த மறுநாள் சென்று பாருங்கள். அயல் வீட்டுச் சுவரிலே நீர்க்கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். விற்பவரையும் தரகரையும் கேட்பதிலும், அவ்வீதியிலே இருபது ஆண்டு வாழ்ந்த மூதாட்டி ஒருவரைக் கேட்பது நன்று. நிலம் நிரப்பப்பட்டதாயின், அதற்கு முறையான அனுமதி உண்டா என்றும் விசாரியுங்கள்.

கடலை அண்டிய காணிக்கு வேறொரு கவனம் வேண்டும். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதி கரையோர வலயமாகும். அங்கே கட்டிடம் எழுப்ப அனுமதி பெறவேண்டும். உப்புக் காற்று இரும்பை அரிப்பதையும் மறத்தலாகாது. இரத்மலானையிலே விமான நிலையத்தின் ஓசையையும் காணிக்குள் நுழையும் பாதையின் அகலத்தையும் நேரிற் கண்டறிக. பாதை உறுதியிலே எழுதப்பட்டதா, அன்றி அயலாரின் இரக்கத்தால் விடப்பட்டதா என்பது பெரிய வேறுபாடு.

மற்றொரு பெருங்குறை உறுதியிலே மறைந்திருக்கும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாவிடின் செல்லுபடியாகாது. நாளொற்றையிலே எழுதிய இணக்கத்தை நம்பிப் பெருந்தொகை கொடுத்தல் ஆகாது. நம் சார்பில் வேறொரு நொத்தாரிசைக் கொண்டு, காணிப் பதிவகத்திலே 30 ஆண்டு வரலாற்றைத் தேடுவித்தல் வழக்கம். ஈடு உண்டா, பிரிவிடப்படாத பங்கா, பெற்றோருக்குச் சீவிய உரித்து இருக்கிறதா, அற்றோணித் தத்துவத்தால் விற்கிறார்களாயின் அத்தத்துவம் இன்னும் வலுவில் உள்ளதா என்பவை அப்போது வெளியாகும். உறுதி முடிந்தவுடன் பதிவதும் தாமதியாது நடைபெற வேண்டும். பதியாத முந்திய உறுதியை, முன்னதாகப் பதிந்த பிந்திய உறுதி தோற்கடித்துவிடக் கூடும். வெளிநாட்டில் வாழும் பிள்ளையின் பெயரில் வாங்க எண்ணுவோர், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உடையோருக்குக் காணி கைமாறுவதைப் பொதுவாகத் தடுக்கிறது என்பதை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

தொடர்மாடி மனையை நாடுவோருக்கு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் தனித்தனி மனைக்குத் தனித்தனி உறுதி பெற வழிசெய்கிறது. கட்டிடத்தின் வரைபடம் அச்சட்டப்படி பதியப்பட்டதா என்று பார்க்காது பணங் கொடுத்தல் கூடாது. மாதந்தோறும் கட்டவேண்டிய பராமரிப்புப் பணமும் விலையின் ஒரு பகுதியே.

முத்திரை வரியையும் முன்னரே ஒதுக்கி வைத்தல் வேண்டும். மேல் மாகாணத்திலே முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதமும், எஞ்சிய தொகைக்கு 4 வீதமும் அறவிடப்படுகிறது. ஒரு கோடி ரூபாய்க் காணிக்கு அது 3,99,000 ரூபாய் ஆகும். நொத்தாரிசின் கூலி, நில அளவையாளர் கூலி, பின்னர் ஆண்டுதோறும் சோலைவரி ஆகியன இதற்கு மேலானவை. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகவே பேசி முடித்தவர்கள், உறுதி எழுதும் நாளிலே மீண்டும் கடன்படத் தலைப்படுகின்றனர்.

நேயர்களே, புகழ்பெற்ற இடத்திலே வாழ்வது குற்றமன்று. வசதி உள்ளவர் வாழட்டும். ஆனால் வசதி குறைந்தவர், அந்தப் பெயரின் நிழலிலே ஓர் அறையை வாங்கிக் காலமெல்லாம் கடனோடு ஒடுங்குவதைவிட, இரண்டு நிலையம் அப்பால் முற்றமும் கிணறும் உள்ள வீட்டிலே மனநிறைவோடு வாழலாம். பெயருக்குக் கொடுக்கும் விலையை மிச்சப்படுத்துங்கள். உறுதியைத் தேடுவிப்பதற்கும் நிலத்தை அளப்பிப்பதற்கும் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்தாதீர்கள்.