வெட்ட வெட்டத் தளிர்த்த வன்னி மரங்கள் ராஜஸ்தானில் பட்டுப்போவது ஏன்?

கம்பு அறுவடை முடிந்து பனி இறங்கத் தொடங்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில், மேற்கு ராஜஸ்தானின் வயல்களில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காணலாம். நிலத்தின் நடுவே ஆங்காங்கே நிற்கும் மரங்களில் கோடரியுடன் ஏறும் விவசாயிகள், இலையுள்ள கிளைகள் அனைத்தையும் கழித்துவிட்டு இறங்குகின்றனர். மாலைக்குள் மரம் மொட்டையாகிவிடும். கழித்த கிளைகளை உலர்த்தி உதிர்த்தெடுக்கும் இலை, 'லூங்' என்ற பெயரில் ஆடு, மாடு, ஒட்டகங்களுக்குத் தீவனமாகிறது. சுள்ளி அடுப்புக்கும், முள் வேலிக்கும் போகிறது. அடுத்த கோடையில், மழைத்துளி விழாத நிலையிலும், அந்த மரம் மீண்டும் தளிர்க்கும்.

அங்கு 'கேஜ்ரி' என அழைக்கப்படும் இம்மரம் தமிழர்களுக்குப் புதியதல்ல. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தல விருட்சமான வன்னியும் இதுவும் ஒரே இனம். சீமைக் கருவேலத்துக்கு இது நெருங்கிய உறவு என்றாலும் குணத்தில் நேர்மாறானது. வன்னியின் அடியில் கம்பும் பாசிப்பயறும் செழித்து வளரும். வேர் 20 மீட்டருக்கும் கீழே இறங்கி நீரைத் தேடுவதால், மேல்மண்ணின் ஈரத்துக்காகப் பயிருடன் அது அதிகம் போட்டியிடுவதில்லை. ராஜஸ்தானின் மாநில மரமாக 1983-இல் இது அறிவிக்கப்பட்டது. ஜோத்பூர் அருகே உள்ள கேஜர்லி கிராமத்தில் 1730-ஆம் ஆண்டு, அரண்மனைப் பணிக்காக இம்மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அமிர்தா தேவி உள்ளிட்ட பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் உயிர் துறந்த வரலாறும் இதற்கு உண்டு.

இத்தகைய மரம் ஜுன்ஜுனு, சிகர், சூரு, நாகௌர், ஜோத்பூர் மாவட்டங்களில் நின்ற இடத்திலேயே பட்டுப்போவது சில பத்தாண்டுகளாகக் கவனிக்கப்பட்டு வருகிறது. தலைமுறை தலைமுறையாகக் கோடரியைத் தாங்கிய மரம் இப்போது ஏன் சாகிறது என்ற கேள்விக்கு, ஜோத்பூரில் உள்ள வறண்ட வன ஆராய்ச்சி நிறுவனமும், மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமும் விடை தேடின. பட்ட மரங்களின் வேர்களில் இரண்டு எதிரிகள் சேர்ந்து காணப்பட்டன. ஒன்று, வேரைத் துளைக்கும் பெரிய வண்டின் புழு. மற்றொன்று, கானோடெர்மா எனும் பூஞ்சை. இவற்றுக்கு வழி திறந்துவிட்டவை இடைவெளியற்ற கிளை கழிப்பு, டிராக்டர் உழவு, கீழிறங்கிய நிலத்தடி நீர்மட்டம் ஆகியன.

கானோடெர்மாவும் தமிழக விவசாயிகள் அறிந்ததே. தஞ்சாவூர் பகுதியில் 1952-இல் கண்டறியப்பட்டு, 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்று பெயர் பெற்ற தென்னையின் அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணமும் இதே பூஞ்சைக் குடும்பம்தான்.

மரத்துக்குள் நடப்பது என்ன?

பூஞ்சை என்றதும் தண்டில் முளைக்கும் காளானே நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது பழம் போன்ற உறுப்பு மட்டுமே. உடல், நூலினும் மெல்லிய இழைகளாக மரக்கட்டைக்குள் பரவிக் கிடக்கும். கட்டையின் உறுதிக்குச் செல்லுலோஸ், லிக்னின் என்னும் இரு பொருள்கள் அடிப்படை. கட்டடத்துடன் ஒப்பிட்டால் முன்னது கம்பி, பின்னது சிமென்ட். சில பூஞ்சைகள் செல்லுலோஸைத் தின்று லிக்னினை விட்டுவிடும். அப்போது கட்டை பழுப்பு நிறத்தில் சிறு சிறு கட்டிகளாக உடையும். இது பழுப்பு அழுகல். வேறு சில, லிக்னினையும் சிதைக்கும். கட்டை வெளுத்து, நார் நாராக மென்மையாகிவிடும். இது வெள்ளை அழுகல். கானோடெர்மா இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அழுகல் கண்ட மரமெல்லாம் சாகும் மரம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. மரத்தின் உயிர் பட்டைக்கு அடியில் உள்ள வளரும் திசுவிலும், அதையொட்டிய வெளிக்கட்டையிலும் இருக்கிறது. நடுவில் உள்ள வைரம் பாய்ந்த கட்டை ஏற்கெனவே உயிரற்றது. அதைப் பூஞ்சை தின்று பொந்தாக்கினாலும் வெளிவளையம் நீரையும் உணவையும் கடத்திக்கொண்டே இருக்கும். கோயில் வளாகங்களில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்த மரங்கள் ஆண்டுதோறும் பூத்துக் காய்ப்பதன் காரணம் இதுவே.

பொந்து மரம் காற்றுக்கு நிற்குமா என்ற ஐயத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 50 செ.மீ. ஆரமுள்ள உருண்டைத் தண்டின் நடுவே 25 செ.மீ. ஆரத்துக்குப் பொந்து விழுந்தால், வளைவைத் தாங்கும் வலிமையில் குறைவது ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே. பொந்து 35 செ.மீ. ஆனால் 24 விழுக்காடு குறையும். 45 செ.மீ. ஆகிவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வலிமை போய்விடும். ஆகவே பொந்து இருக்கிறதா என்பதை விட, சுற்றிலும் எத்தனை செ.மீ. நல்ல கட்டை எஞ்சியுள்ளது என்பதே முக்கியம். பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தால் இக்கணக்கு மேலும் கடுமையாகும்.

மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தை விளக்கியவர் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1977-இல் அவர் முன்வைத்த கருத்தின்படி, விலங்கின் புண்ணைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. காயம்பட்ட பகுதியை மரம் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. அடைக்கும் வேலைக்கு உயிருள்ள செல்களும், அவற்றில் சேமித்த மாவுச்சத்தும் வேண்டும். பழைய மரப் பராமரிப்பின் சூட்சுமம் முழுவதும் இந்த மாவுச்சத்தில் அடங்கியிருக்கிறது.

கட்டைவிரல் பருமனுள்ள இளங்கிளையை வெட்டினால், வெட்டுவாயில் இருப்பது பெரும்பாலும் உயிருள்ள கட்டை. அது விரைவில் அடைபடும். தொடை பருமனுள்ள கிளையை வெட்டினால் நடுவே உள்ள வைரம் வெளியே தெரியும். அதனால் எதிர்ப்புக் காட்ட இயலாது. பூஞ்சை நேரே தண்டுக்குள் இறங்கும். அனுபவமுள்ள விவசாயிகள் ஒவ்வொரு முறையும் அதே முடிச்சுகளிலிருந்து கிளம்பிய இளங்கிளைகளை மட்டும் கழித்து, முடிச்சைத் தொடாமல் விட்டதன் பொருள் இதுதான். கழித்து வளர்த்த மரம், பல நேரங்களில் கழிக்காத மரத்தைவிட நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறது. தலை சிறிதாக இருப்பதால் காற்றில் சாயும் ஆபத்தும் அதற்குக் குறைவு.

இப்போது மாறியிருப்பது அளவும் இடைவெளியும். ஆண்டுக்கு ஆண்டு ஓர் இலை விடாமல் கழிக்கப்படும் மரம், மீண்டும் தளிர்ப்பதற்கே சேமிப்பைச் செலவழித்துவிடுகிறது. சுவர் எழுப்பக் கையிருப்பு இல்லை. இந்த வேளையில் டிராக்டரின் தட்டுக் கலப்பை பக்க வேர்களை அறுத்துச் செல்கிறது. ஒட்டகம் இழுத்த நாட்டுக் கலப்பை அந்த ஆழத்துக்குப் போனதில்லை, மரத்தை அவ்வளவு நெருங்கியதும் இல்லை. அறுந்த வேரிலும், வண்டுப்புழு துளைத்த வழியிலும் கானோடெர்மா நுழைகிறது. தண்டின் நடுவே விழும் பொந்தைப் போன்றதல்ல இது. நீர் உறிஞ்சும் வேரும், மரத்தை மண்ணில் பிடித்து நிறுத்தும் வேரும் அழுகிவிடுகின்றன. அடித்தண்டில் மெருகேறிய செம்பழுப்புத் தட்டு போன்ற காளான் வெளிப்படும்போது வேரின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க மேற்கு வங்கத்தில் ஒரு மரம் இருக்கிறது. ஹவுராவில் உள்ள ஜகதீஷ் சந்திர போஸ் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம், 1864, 1867 புயல்களில் முறிவுகளுக்கு உள்ளானது. அக்காயங்கள் வழியே பூஞ்சை புகுந்து அடிமரம் அழுகியதால், 1925-இல் அது முற்றாக அகற்றப்பட்டது. மரமோ இன்றும் ஆயிரக்கணக்கான விழுதுகளைத் தண்டாகக் கொண்டு பரந்து நிற்கிறது. வன்னிக்கு விழுது கிடையாது. வேர் போனால் எல்லாம் போயிற்று.

பாதித் தீவனமா, முழு மரமா?

கிளை கழிப்பதையே தடை செய்துவிட்டால் என்ன என்ற யோசனை எளிதாகத் தோன்றலாம். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் அது நடந்தது. விறகுக்காகக் கிளை கழிக்கும் உரிமை 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. பின்னர் பல பத்தாண்டுகள் வெட்டப்படாத கிளைகள் பெருமரங்களாகவே பருத்து, பொந்து விழுந்த பழைய தண்டுகளைப் பிளந்தன. அவற்றை மீண்டும் ஒரேயடியாக வெட்டினாலும் மரம் தாங்காது என்பதால், பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கும் முறையே இப்போது கையாளப்படுகிறது. தவிர, தார் பாலைவனத்தில் தீவனமின்றி ஆடுகளை எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்குத் தடை உத்தரவில் பதில் இருக்காது.

மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் 1960-களிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. முழுவதுமாகக் கழித்த மரம் சுமார் 58 கிலோ இலை தந்தது. கீழ் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கழித்தபோது கிடைத்தது சுமார் 28 கிலோ. ஒரு பங்கை மட்டும் கழித்தபோது சுமார் 20 கிலோ. மரத்தின் உச்சியை விட்டுவைக்கச் சொல்லும் ஆலோசனையை விவசாயி ஏன் எளிதில் ஏற்பதில்லை என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. பாதித் தீவனத்தை இழக்க யாருக்கும் மனம் வராது. எனினும் முழுதும் கழித்த மரம் அடுத்த பருவத்தில் 'சாங்கரி' காய் தருவதில்லை என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த சாங்கரிக்கு இன்று நகரச் சந்தைகளில் நல்ல விலை உண்டு. நிலத்தில் உள்ள மரங்களைப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் கழித்து மற்றவற்றுக்கு ஓய்வு தருவது இரண்டுக்கும் நடுவான வழி.

வெட்டும் முறையிலும் கவனம் தேவை. கிளை தண்டுடன் சேரும் இடத்தில் உள்ள வீக்கம் காயத்தை மூடும் திசு நிறைந்தது என்பதால், அதற்குச் சற்று வெளியே கூர்மையான கருவியால் வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்டச் சீவுவதும், நீண்ட குச்சியாக விட்டுவைப்பதும் கேடு. பட்டை உரியும்படி கிளையை முறிப்பது அதைவிடக் கேடு. வெட்டுவாயில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. பொந்தில் சிமென்ட் நிரப்பும் பழைய வழக்கமும் கைவிடப்பட்டுவிட்டது. காற்றில் அசையும் மரத்துக்குள் அசையாத சிமென்ட் உராய்ந்து புதிய காயங்களை உண்டாக்கும், ஈரத்தையும் தேக்கும்.

நோய் தொட்ட மரத்தின் வேர்ப்பகுதியில் பூச்சிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் சேர்த்து ஊற்றும் முறை ஆரம்ப நிலையில் பயன் தரலாம். அழுகிய வேரை எந்த மருந்தும் திருப்பித் தராது. பட்ட மரத்தை வெட்டி விற்றுவிட்டு அடிக்கட்டையை மண்ணிலேயே விடுவது தவறு. பூஞ்சை அதில் பல ஆண்டுகள் தங்கி, வேரோடு வேர் தொடும் வழியில் பக்கத்து மரத்துக்குச் செல்லும். தென்னந்தோப்புகளில் நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டுவது இதைத் தடுக்கத்தான்.

சூரிய மின் நிலையங்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துப் பிகானேர் பகுதியில் நடைபெறும் போராட்டங்கள் செய்திகளில் இடம்பெறுகின்றன. வயல்களில் ஓசையின்றிப் பட்டுப்போகும் மரங்கள் அவ்வளவு கவனம் பெறுவதில்லை. அவற்றின் இடத்தை நிரப்ப வேண்டிய கன்றுகளோ உழவுக்குத் தப்புவதில்லை. வன்னியை யாரும் நட்டு வளர்த்ததில்லை. தானாக முளைத்த கன்றைச் சுற்றிக் கலப்பையைத் திருப்பிக்கொண்டு போவதே வழக்கமாக இருந்தது. டிராக்டர் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து முழங்கால் உயரக் கன்று கண்ணில் படாது. முதல் மழைக்கு முன்பே அதன் அருகில் ஒரு கழியை நட்டு, துணி கட்டி அடையாளம் வைத்தால் உழவின்போது தப்பும். அவ்வாறு தப்பிய கன்று கோடரியைத் தாங்கும் பருவம் எய்த ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும்.