கிளி எடுக்கும் சீட்டும் மனக் குழப்பமும்

"எதிர்காலம் தெரியணும்னு இல்லை சாமி, மனசு குழம்பிக் கிடக்கு, அதைப் புரிஞ்சுக்கத்தான்." கிளி ஜோசியம் பார்க்கும் கிறிஸ்தவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. கூரம் போன்ற நம் சிற்றூர்களின் இளைஞர்கள் இன்று இதே காரணத்துக்காகக் கைப்பேசியில் டாரட் சீட்டு பார்க்கிறார்கள்.

டாரட், 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றிய வெறும் சீட்டாட்டம். 1781-இல் பாரிசில் ஒருவர் அதை எகிப்திய ஞானம் என்று எழுதிய பிறகே குறிசொல்லும் சீட்டாகப் பரவியது. கிளி ஜோசியரின் சீட்டுகளில் மாதா படமும் இருப்பதுண்டு. "மாதாவே வந்துட்டாங்க" என்று மகிழ்கிறோம். கிளியோ நெல்மணிக்காகச் சீட்டை எடுக்கிறது! கணவன் மனைவி பேச்சு நின்றுபோன வேதனை அந்தச் சீட்டுக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து நாம்தான் அதை நினைத்து அழுகிறோம். அழுததில் பாரம் குறைவது உண்மையே. ஆனால் அடுத்த முடிவையும் சீட்டிடமே கேட்கத் தொடங்குகிறோமே, அங்குதான் ஆபத்து. கடவுளுக்கு மட்டுமே உரிய இடத்தை வேறொன்றுக்குத் தருவதால்தான் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2116) எல்லாக் குறிபார்த்தலையும் விலக்குகிறது.

மனதை அறிய வேறு வழி உண்டு. 1521-இல் பம்ப்லோனா போரில் கால் முறிந்து படுத்திருந்த இஞ்ஞாசியார் ஒன்றைக் கவனித்தார். வீரசாகசக் கனவுகள் இனித்தன, பிறகு வெறுமையே மிஞ்சியது. புனிதர்களைப்போல் வாழ நினைத்தபோது வந்த மகிழ்ச்சியோ நிலைத்தது. நாமும் இரவில் பத்து நிமிடம் அமர்ந்து, இன்று எது அமைதி தந்தது, எது மனதை வறட்சியாக்கியது என்று ஆண்டவரிடம் சொல்லலாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை என்றால் மருத்துவரையும் பாருங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.