சிக்னல் போடப் பயந்த நாட்கள்

“அக்கா, நீ ஏன் இப்பல்லாம் சிக்னலே போடுறது இல்ல?”

தம்பியின் அந்தக் கேள்விதான் என்னை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கிள்ளானிலிருந்து ஷா ஆலமுக்கு வேலைக்குப் போய்வருபவள் நான். ஒரு மழை இரவில், எனக்கு முன்னே சென்ற மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. காரை ஓரங்கட்டி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பையனின் கையைப் பிடித்திருந்தேன். திறந்து கிடந்த கார்க் கதவு வழியாக விளக்கின் ‘டிக் டிக்’ சத்தம் வந்துகொண்டே இருந்தது. மழை இரைச்சலிலும் அது எப்படிக் காதில் விழுந்ததோ! அவன் பிழைக்கவில்லை என்று மறுநாள் தெரிந்தது.

முதல் சில நாள் அழுதேன். யாராக இருந்தாலும் அழத்தான் செய்வார்கள். ஆனால், மூன்று மாதம் ஆகியும் அந்த இரவு என்னை விடவில்லை. காரில் சிக்னல் போட்டால் போதும், ஈரச் சாலையும் அந்தக் கையின் குளிர்ச்சியும் கண்முன் வந்துவிடும். நினைவு என்று அதைச் சொல்ல முடியாது; மறுபடியும் அங்கேயே நிற்பேன். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், விரல்கள் மரத்துப்போகும். அதனால்தான் சிக்னல் போடுவதையே நிறுத்தினேன். அது எவ்வளவு ஆபத்து என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் மாரடைப்பு என்றே நினைத்து அவசரப் பிரிவுக்கு ஓடினேன். இசிஜி சரியாக இருந்தது. “ஸ்ட்ரெஸ்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அம்மா கோயிலில் கயிறு மந்திரித்து வந்து கட்டினார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் திருநீறு பூசிவிட்ட இரவுகளில் கொஞ்சமாவது தூங்கினேன். ஆனால், டாக்டரைப் பார்க்கிறேன் என்றதும், “வெளிய தெரிஞ்சா யாரும்மா பொண்ணு கேட்டு வருவாங்க?” என்றார். அந்தக் கேள்விக்காகவே மேலும் ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

கடைசியில் தம்பிதான் அழைத்துப் போனான். அரசாங்க சுகாதாரக் கிளினிக். கட்டணம் ஒரு ரிங்கிட். 21 கேள்விகள் கொண்ட ஒரு பாரத்தைக் கொடுத்தார்கள். கடந்த ஒரு வாரத்தில் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். டாக்டர் மலாயில் கேட்டார். ‘தூக்கி வாரிப்போடுகிறது’ என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? திணறினேன். அவர் தமிழ் பேசும் தாதி ஒருவரை அழைத்து உட்காரவைத்தார். தமிழில் சொல்ல ஆரம்பித்ததும்தான் அழுகையும் வந்தது, முழுக் கதையும் வந்தது.

தைராய்டு கூடினாலும் இப்படிப் படபடக்கும் என்று முதலில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அது சரியாக இருந்ததால் மனநல நிபுணரிடம் அனுப்பினார்கள். ஆபத்து முடிந்த பிறகும் உடம்பின் அபாயமணி அணையாமல் அடிக்கிறது என்று அவர் விளக்கினார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுவதால்தான் விரல் மரக்கிறதாம். ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நீடித்து வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் சிகிச்சை வேண்டும் என்றார்.

மாத்திரை மறுநாளே வேலை செய்யவில்லை. சில வாரங்கள் ஆயின, ஆரம்பத்தில் குமட்டலும் இருந்தது. நானாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதைவிடக் கஷ்டமானது பேச்சு சிகிச்சை. அந்த இரவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, எதையும் தாண்டாமல், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடமும் உண்டு: நிறுத்திய காரில் சிக்னலைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுத வேண்டும். முதல் நாள் ஒன்பது. அண்டை வீட்டு ஆன்ட்டி, “பேட்டரி போயிரும்மா” என்று எட்டிப் பார்த்துச் சொன்னார்.

கிளினிக்குக்குப் போகத் தயங்குபவர்கள் முதலில் போனிலாவது பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, இரவிலும் எடுப்பார்கள்.

இப்போது எனக்கு மூன்று, மழை நாளில் ஐந்து. மாத்திரை தொடர்கிறது. போன மாதச் சந்திப்புக்கு அம்மாவும் கூட வந்தார். வெளியே காத்திருந்தவர், நான் வந்ததும் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பையனோட அம்மா இப்ப எப்படி இருப்பாங்க?”

எனக்குத் தெரியவில்லை. காரை எடுத்தேன். வலப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டேன்.