மருந்தை மாற்றுவது கைவிரிப்பது அன்று

முற்றிய மெலனோமாவில் சிகிச்சை மாறும்போது நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

சித்தேரி மலையிலிருந்து எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். ஐம்பது வயதைக் கடந்தவர். சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டுநிலத்தில் காலமெல்லாம் வெறுங்காலோடு உழைத்தவர். குதிகாலில் கறுப்பாக ஒரு திட்டு தோன்றியபோது, முள் தைத்த வடு என்றே எண்ணினார். ஓராண்டு கழித்து அது ஆறாத புண்ணாகிய பின்னரே மலையிறங்கி அரூருக்கு வந்தார். அங்கிருந்து எங்களிடம் அனுப்பப்பட்டார். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் அது மெலனோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலிலும் கட்டிகள் இருந்தன.

நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தை மாதம் ஒருமுறை ஏற்றினோம். மூன்று முறை ஏற்றிய பின் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் வளர்ந்திருந்தன. "இந்த மருந்து வேலை செய்யவில்லை, வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும்" என்று கணவரிடம் கூறி, அடுத்த வாரம் வரச் சொன்னோம். அவர்கள் வரவில்லை. ஐந்து வாரங்கள் கடந்தன. கிராமச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குச் சென்று கேட்டபோது, "இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு கையை விரிச்சுட்டாங்கம்மா. அதான் வீட்டோட வெச்சுப் பாத்துக்கலாம்னு கூட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் சொன்னது ஒன்று. அவர் செவியில் விழுந்தது வேறொன்று. தவறு அவருடையது அன்று. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில், ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கத்தக்க செய்தியா அது? அன்று நாங்கள் விளக்கத் தவறியதை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

நோயைப் பற்றிச் சில சொற்கள்

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்றுநோயே மெலனோமா. வெண்ணிறத் தோல் கொண்ட மேலை நாட்டவரிடையே இது மிகுதி. பெரும்பாலும் வெயில் படும் தோலில் தோன்றும். நம் நாட்டில் இது அரிது. ஆனால் நம்மவருக்கு வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி, வாய், மூக்கு, ஆசனவாய் ஆகியவற்றின் உட்சவ்வு போன்ற இடங்களில் கணிசமாகக் காணப்படுகிறது. உள்ளங்காலை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆகவே பலர் காலம் தாழ்த்தி வருகிறார்கள். நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை முதலிய உறுப்புகளுக்கு நோய் பரவிவிட்ட நிலையையே முற்றிய மெலனோமா என்கிறோம்.

மருந்தை ஏன் மாற்றுகிறோம்?

காரணங்கள் நான்கு. முதலாவது, மருந்து பலன் தராமை. சிலருக்குத் தொடக்கத்திலேயே பலன் தராது. சிலருக்கு நன்கு வேலை செய்து, பின் நின்றுவிடும். புற்றுநோய்ச் செல்கள் தம்மை மாற்றிக்கொண்டு மருந்திலிருந்து தப்பக் கற்றுக்கொள்வதே இதற்குக் காரணம். நோயாளியின் மனவுறுதிக் குறைவோ, உணவுப் பிழையோ, வீட்டாரின் கவனக் குறைவோ காரணம் அன்று. "நாம்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம்" என்று எவரும் தம்மை வருத்திக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, பக்கவிளைவு. மருந்து நோயைக் கட்டுப்படுத்தினாலும், குடலையோ கல்லீரலையோ நுரையீரலையோ தாக்கினால் நிறுத்த வேண்டிவரும். எதிர்ப்பாற்றல் மருந்தை இவ்வாறு நிறுத்திய பின்னும் பலருக்கு அதன் பலன் நீடிப்பதுண்டு.

மூன்றாவது, முன்பே வகுத்த வரிசை. எந்த மருந்தை முதலில் தருவது, எதைப் பின்னர் தருவது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. பிராஃப் என்னும் மரபணு மாற்றம் உள்ள நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், இரண்டு எதிர்ப்பாற்றல் மருந்துகளை முதலில் சேர்த்துத் தந்து, நோய் வளர்ந்தால் மாத்திரைக்கு மாற்றிய பிரிவில் 2 ஆண்டுகளுக்குப் பின் 100 பேரில் ஏறத்தாழ 72 பேர் உயிருடன் இருந்தனர். மாத்திரையை முதலில் தந்த பிரிவில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 52. மருந்து மாற்றம் தொடக்கத்திலேயே திட்டத்தின் பகுதியாக இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

நான்காவது, புதிய தகவல். மரபணுப் பரிசோதனையின் முடிவு வரும்போது, முன்பு தெரியாத ஒரு வழி புலப்படலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தாலே மருந்து தோற்றுவிட்டது என்று பொருள் அன்று. எதிர்ப்பாற்றல் மருந்து பெறுவோரில் சிலருக்கு, உடலின் காவல் செல்கள் கட்டிக்குள் திரள்வதால் அது தற்காலிகமாகப் பெருத்துப் பின் சுருங்கும். நோயாளி தெம்பாக இருந்தால், சில வாரங்கள் பொறுத்து மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுண்டு. இது எல்லோருக்கும் நிகழ்வதன்று. எனினும் உங்கள் மருத்துவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி.

இன்று என்னென்ன வழிகள் உள்ளன?

2011 க்கு முன்பு மருந்தை மாற்றுவதற்கு நல்ல பலன் தரும் மருந்துகள் மிகக் குறைவு. அமெரிக்காவில் 1975 இல் ஒப்புதல் பெற்ற டகார்பசின் என்னும் கீமோதெரபி மருந்தே நெடுங்காலம் முதன்மையாக இருந்தது. ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே அது கட்டியைச் சுருக்கியது. முற்றிய நிலையில் வந்தோரில் பெரும்பாலோர் ஓராண்டைக் கடக்கவில்லை.

2011 இல் நிலைமை மாறத் தொடங்கியது. இபிலிமுமாப் என்னும் எதிர்ப்பாற்றல் மருந்தும், பிராஃப் மாற்றத்தைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் மாத்திரையும் அவ்வாண்டில் ஒப்புதல் பெற்றன. 2014 இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை வந்தன. இவ்வகைச் சிகிச்சைக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகிய இருவரும் 2018 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015 இல், தம் 90 ஆம் வயதில், மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அறுவை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மூன்றையும் பெற்ற அவர், 2024 டிசம்பரில் தம் 100 ஆம் வயதில்தான் காலமானார்.

எல்லோருக்கும் அவ்வாறே நிகழும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நிவோலுமாபையும் இபிலிமுமாபையும் சேர்த்துப் பெற்ற நோயாளிகளை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 100 பேரில் 43 பேர் உயிருடன் இருந்தனர். இது பெரிய முன்னேற்றம். ஆனால் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தப் பத்தாண்டுகளைக் கடக்கவில்லை என்பதும் அதே எண்ணில் அடங்கியுள்ளது. மேலும், உள்ளங்கால் மெலனோமாவில் இம்மருந்துகளின் பலன் பொதுவாகக் குறைவு. பிராஃப் மாற்றமும் அதில் குறைவாகவே காணப்படுகிறது. அதே வேளையில், இவ்வகையில் சிலருக்குக் கிட் என்னும் மரபணுவில் மாற்றம் இருக்கும். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு இமாட்டினிப் மாத்திரை பயன் தரும். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வரும் இம்மாத்திரை, நம் நாட்டில் ஏனைய புதிய மருந்துகளைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது. மரபணுப் பரிசோதனையை நாங்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

நம்பிக்கையை எதன்மீது வைப்பது?

பல குடும்பங்கள் தங்கள் நம்பிக்கை முழுவதையும் ஒரு மருந்தின் பெயர்மீது வைத்துவிடுகின்றன. அம்மருந்து நிறுத்தப்படும் நாளில் நம்பிக்கையும் நின்றுவிடுகிறது. நம்பிக்கையை அவ்வாறு ஒரே இடத்தில் கட்டிவைக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நோய் கட்டுக்குள் வர வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அதை நாங்களும் விரும்புகிறோம். அதனோடு, நிறைவேறக்கூடிய அண்மை விருப்பங்களையும் எங்களிடம் சொல்லுங்கள். இரவில் வலியின்றி உறங்க வேண்டும். தானே நடந்து வாசலுக்குச் செல்ல வேண்டும். பேத்தியின் காதுகுத்துக்கு ஊரில் இருக்க வேண்டும். இவை சிறியவை அல்ல. மருந்து எதுவாயினும், இவற்றுக்காக நாங்கள் செய்யக்கூடியது எப்போதும் ஏதேனும் இருக்கும். ஊசி போடும் நாளைக்கூட விழாவுக்கு ஏற்பச் சற்று மாற்றி அமைக்கலாம்.

"எல்லாம் சரியாகிவிடும், அழக்கூடாது" என்று நோயாளியிடம் ஓயாமல் சொல்வது நம்பிக்கை ஊட்டுவதாகாது. அச்சத்தைப் பகிர இடமில்லாதவர் தனித்துப்போகிறார். அழுவதால் நோய் வளராது. கேட்பதற்கு ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதே போதும். மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

மருந்து மாறும்போது செய்ய வேண்டியவை

ஒரு குறிப்பேட்டில் இக்கேள்விகளை எழுதி எடுத்து வாருங்கள். எழுத இயலாதவர் செவிலியரிடம் சொன்னால் அவர் எழுதித் தருவார். ஏன் மாற்றுகிறீர்கள்? புதிய மருந்தின் நோக்கம் நோயைச் சுருக்குவதா, நிறுத்திவைப்பதா, வேதனையைக் குறைப்பதா? பலன் தெரிய எத்தனை வாரம் ஆகும்? இதுவும் பலன் தராவிட்டால் அடுத்து என்ன? செலவு எவ்வளவு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு அடங்கும்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நிலத்தை அடகு வைத்த பின் சொல்வதைவிட, வைப்பதற்கு முன் சொன்னால் வேறு வழி தேட இயலும்.

எதிர்ப்பாற்றல் மருந்து பெற்றவர்கள், அதை நிறுத்திப் பல மாதங்கள் ஆன பின்னரும் கவனமாக இருக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகமான வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், விடாத இருமல், கண் மஞ்சளாதல், கடும் தலைவலி, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் காத்திருப்பது ஆபத்து. மாத்திரைச் சிகிச்சையில் இருப்போர் காய்ச்சல் வந்தால் சொல்ல வேண்டும். மலைமேல் இருப்போருக்கு இன்னொரு வார்த்தை: சாலை எட்டாத குக்கிராமங்களிலிருந்து நோயாளியைத் தூக்கி இறக்குவது எத்துணைக் கடினம் என்பதை அறிவோம். ஆகவே நிலைமை முற்றும்வரை காத்திராமல், பகலிலேயே, தொடக்கத்திலேயே புறப்படுங்கள்.

நாட்டு மருந்து, மூலிகைக் கஷாயம் எடுத்துக்கொண்டால் மறைக்க வேண்டாம். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். சில மூலிகைகள் கல்லீரலைத் தாக்கக்கூடும். தெரிந்திருந்தால்தான் எது எதனால் என்று பிரித்தறிய முடியும்.

வலி தணிப்புச் சிகிச்சை இறுதி நாள்களுக்கு மட்டும் உரியது அன்று

வலி தணிப்புப் பிரிவுக்கு அனுப்பினாலும் "கைவிரித்துவிட்டார்கள்" என்றே பலர் எண்ணுகிறார்கள். 2010 இல் வெளியான நுரையீரல் புற்றுநோய் ஆய்வொன்றில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே இச்சிகிச்சையையும் பெற்றவர்கள் மனத்தெளிவோடு வாழ்ந்ததுடன், சராசரியாகச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தனர். வலிக்காக மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்ஃபின், நோயாளியைப் போதைக்கு அடிமையாக்கிவிடும் என்ற அச்சம் வேண்டாம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வலி தணிப்புச் சேவை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

அந்த அம்மையார்

செவிலியர் எடுத்துச் சொன்ன பின் அவர்கள் திரும்பி வந்தார்கள். இம்முறை தனி அறையில் அமரவைத்து, அரை மணிநேரம் பேசினோம். கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ வேற தடம் இருக்குதுங்களா?" என்றார். இருந்தது. பரிசோதனையில் கிட் மாற்றம் தெரிந்தது, மாத்திரை தொடங்கினோம். எட்டு மாதங்கள் கட்டிகள் சுருங்கியிருந்தன. அந்த மாதங்களில் அவர் சாமை அறுவடைக்குக் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தார். பேத்தியின் காதுகுத்தையும் பார்த்தார்.

பின்னர் நோய் மீண்டும் வளர்ந்தது, இடுப்பெலும்புக்கும் பரவியது. மறுபடியும் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்று சொன்னோம். கணவர் இம்முறை வீட்டுக்குப் புறப்படவில்லை, குறிப்பேட்டைத் திறந்து, "இந்த மருந்து எதுக்குங்க, கட்டிக்கா வலிக்கா?" என்று கேட்டார். வலிக்கு என்று உண்மையைச் சொன்னோம். கதிர்வீச்சு தந்த பின் வலி தணிந்தது. இன்று அவர் சித்தேரியில் தம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். நோய் இருக்கிறது; இரவில் உறங்குகிறார்; மாதம் ஒருமுறை அவர் கணவர் எங்களை அழைத்துப் பேசுகிறார்.

மருந்துகள் மாறும், ஒரு நாள் மாற்றுவதற்கு மருந்து இல்லாமலும் போகலாம். அன்றும் உங்களைப் பார்ப்பதை நாங்கள் நிறுத்தப்போவதில்லை. "மாற்ற வேண்டும்" என்று அடுத்த முறை நாங்கள் சொன்னால், எழுந்து செல்லாமல் அமர்ந்து, "எதற்கு?" என்று கேளுங்கள். விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.