நரம்பணுக்களை வாழ்விக்கும் புரதம்

முதுகெலும்பின் அருகிலுள்ள நரம்பு முடிச்சினின்று கால்விரல் நுனி வரை ஒரே நரம்பிழை ஓடுகிறது. வளர்ந்த மனிதனில் அதன் நீளம் ஏறக்குறைய 1 மீட்டராகும். கருவில் அவ்விழை முளைத்து நீளுங்கால் அதற்கு வழிகாட்டுவது யாது? உரிய இடத்தை அடைந்தபின் அதனை வாழவைப்பது யாது? இவ்விரு வினாக்களுள் பின்னதற்கே விடை முதலில் கிடைத்தது. அது கிடைத்த வழி விந்தையானது.

1948-ஆம் ஆண்டில் எல்மர் பியூக்கர் என்ற அமெரிக்க அறிஞர், சுண்டெலியின் புற்றுக்கட்டியில் ஒரு துணுக்கைக் கோழிக் கருவினுள் பதித்தார். கருவின் உணர்ச்சி நரம்புகள் அக்கட்டிக்குள் படர்ந்தன. செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரீட்டா லெவி-மொந்தால்சினி அம்மையாரும் விக்டர் ஹாம்பர்கரும் இச்சோதனையைத் தொடர்ந்தனர். கட்டியைக் கருவைச் சூழ்ந்த சவ்வின்மீது வைத்தபோதும் நரம்பு முடிச்சுகள் பருத்தன. கட்டிக்கும் கருவுக்கும் இடையே அப்போது இரத்த ஓட்டத்தைத் தவிர வேறு தொடர்பு இல்லை. எனவே, கட்டியினின்று ஏதோ ஒரு பொருள் கசிந்து பரவுகிறது என்பது தெளிவாயிற்று. 1952-இல் அம்மையார் ரியோ டி ஜெனீரோவில் நரம்பு முடிச்சையும் கட்டித் துணுக்கையும் கண்ணாடிக் கலத்தில் அருகருகே வளர்த்தார். ஒரே நாளில் முடிச்சைச் சுற்றி இழைகள் ஒளிவட்டம் போல் முளைத்தன.

அப்பொருளைப் பிரித்தெடுக்கும் பணியை ஸ்டான்லி கோஹென் மேற்கொண்டார். சாற்றிலுள்ள நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் பொருட்டு அவர் பாம்பின் நஞ்சைச் சேர்த்தார். ஒப்புநோக்குவதற்காக நஞ்சை மட்டும் தனியே இட்ட கலத்திலும் இழைகள் அடர்ந்து முளைத்தன! ஒப்புச் சோதனை எதற்கு என வினவும் மாணவர்க்கு ஆசிரியர்கள் இதனினும் சிறந்த சான்று தேட வேண்டுவதில்லை. நஞ்சுப்பை பாம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஒத்தது என்பதால், கோஹென் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியையும் ஆராய்ந்தார். அதிலும் அப்புரதம் மிகுதியாக இருந்தது. அதற்கு நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர். பின்னர் அதனை முறிக்கும் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் பரிவு நரம்பு முடிச்சுகள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. இவ்விருவரும் 1986-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இதன் உட்பொருள் யாதெனில், கருவில் நரம்பணுக்கள் தேவைக்கு மிகுதியாகவே தோன்றுகின்றன. தோல் முதலிய இலக்கு உறுப்புகள் இப்புரதத்தைச் சிறிதளவே சுரக்கின்றன. அங்குச் சென்று சேர்ந்த இழையின் நுனி புரதத்தைப் பற்றி உட்கொள்ள, அச்செய்தி இழை வழியே அணுவின் உடலுக்குத் திரும்பிச் செல்கிறது. அதனைப் பெறாத அணு மடிகிறது. இஃது எல்லா நரம்பணுக்களுக்கும் பொருந்துவதன்று. மூளையிலுள்ள பலவகை அணுக்களுக்கு வேறு புரதங்கள் உள்ளன. வழிகாட்டும் புரதங்களும் பிற்காலத்தில் அறியப்பட்டன. 1994-இல் பிரித்தெடுக்கப்பட்ட நெட்ரின் சில இழைகளை ஈர்க்கிறது, வேறு சிலவற்றை விலக்குகிறது.

மனிதரிடத்தும் இதன் இன்றியமையாமை புலனாகிறது. இப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு பழுதுற்ற குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கின்றனர். இக்காரணம் 1996-இல் கண்டறியப்பட்டது. வலியை உணரும் நரம்புகளும், வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளும் அவர்களுக்கு வளர்வதில்லை. அக்குழந்தை தன் நாவையும் விரல்களையும் கடித்துக்கொள்ளும், சுட்டாலும் அழாது. வியர்வை இன்மையால் கோடையில் உடல் வெப்பம் உயிருக்கு ஊறு நேரும் அளவு ஏறக்கூடும். காரணம் விளங்காத காய்ச்சலும், வலியறியாப் புண்களும் ஒருங்கே தோன்றும் குழந்தையைக் களப்பணியாளர் காண நேரின், உடலைக் குளிர்வித்து, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.